கடைசியாகத் தொட்டவர்

அன்று காலை நான் மாமாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதையும் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நான் ஏம்மா தொடப்போறேன்?" என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை ஒரு இறுக்கு இறுக்கினார். அது சொட்டவே இல்லை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நகரத் தண்ணீர் சப்ளையில் தெருத் தெருவாகப் போய் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டது, அவர் வேலையை விடவில்லை. போகிற வீட்டில் எல்லாம் குழாயை இறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் கழிப்பறைக்குள் புகுந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்துவிட்டுத்தான் கட்டில் பக்கம் வந்தார். அக்கா அதை வியாதி என்பாள். நான் அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன், அதற்கு முந்தின வாரம் வரைக்கும்.

என் வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டிலைக் கடைசியாகக் காலி செய்தவர்தான் நிரப்பி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அதனால் என் கணவரும் மகளும் அதை ஒருபோதும் காலி செய்வதில்லை. அடியில் இரண்டு மடக்கு விட்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் திருப்பி உள்ளே வைத்துவிடுவார்கள். அந்த இரண்டு மடக்கு இருக்கும்வரை அது காலி பாட்டில் இல்லை, யாருக்கும் பொறுப்பும் இல்லை. பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்த கம்பெனிகள் செய்ததும் அச்சு அசலாக இதையேதான். கிணறு வற்றிப்போனால் அடிமுதல் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடைக்கிற செலவைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஆகவே வற்றிய கிணற்றிலிருந்து ஒப்புக்கு ஒரு கேன், இரண்டு கேன் என்று எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒரு சின்னக் கம்பெனிக்கு விற்பார்கள். அது அதைவிடச் சின்னதுக்கு விற்கும். கடைசியில் பெயர்ப் பலகை மட்டுமே உள்ள ஒரு கம்பெனி மிஞ்சும். ஒரு நாள் போய்ப் பார்த்தால் பலகையும் இருக்காது. கிணறு மட்டும் யாருடைய கொல்லையிலோ வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதை அடைக்க வேண்டியவர் யார் என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடிப்பதுதான் அரசாங்கத்தில் எங்கள் பிரிவின் வேலை.

சட்டம் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கிணற்றைக் கடைசியாகக் கையாண்டது யார்? அதனால் எங்கள் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, கிணற்றுப் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள் என்பதைத்தான். எனக்கு முன்னால் இருந்த ஒரு அதிகாரி, பாவம், நல்ல மனுஷர், ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வால்வைப் பார்த்து மனசு கேட்காமல் மூடிவிட்டு வந்தாராம். கம்பெனி தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. கடைசியாகக் கையாண்டது அரசாங்கம்தானே என்று வாதம் செய்து வழக்கை இழுத்தடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் கைதிகள் போல முதுகுக்குப் பின்னால் கையைக் கோர்த்துக்கொண்டு நடக்கிறோம். மற்றப் பிரிவுக்காரர்கள் எங்களை "விலங்கு கோஷ்டி" என்று கூப்பிடுவார்கள். பழக்கம் முற்றிப்போய், கடைக்குக் காய்கறி வாங்கப் போனாலும் என் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

அக்கா குடியிருக்கும் தெரு முழுக்க ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்த நிலம். அவர்கள் வீடு வாங்கியபோது அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு துருப்பிடித்த குழாய் நிற்கும், அதுதான் கிணறு. சிலர் அதில் துணி காயப்போட்டார்கள், சிலர் கோழிக்கூண்டைச் சாய்த்து வைத்தார்கள். பிறகு, கோடிவீட்டுக்காரர் சுவர் விரிசலில் விசில் சத்தம் கேட்கிறது, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுத்தார். ஊருக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு கொல்லையில் கிணற்று வாயு வெடித்து ஒரு குளியலறை சுவரோடு தூக்கி எறியப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இல்லாததால் உயிர் தப்பியது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கொல்லைக்கும் அந்த முன்னறைக்கும் நடுவில் ஒரு சமையலறைதான் இருக்கிறது.

அந்தத் தெருவை எனக்குக் கொடுங்கள் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். என் அக்கா அங்கே இருக்கிறாள் என்று மட்டும் பிரிவுத் தலைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார், அந்த வேறு யாரோ ஆற அமரப் பார்ப்பார். நாய் மாதிரி அலைந்தேன். தோண்டியவன், வாங்கியவன், வாங்கியவனை வாங்கியவன், பெயர் மாற்றிக்கொண்டவன் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு போனதில், கடைசியாகக் கையாண்ட கம்பெனி சாகவில்லை என்று தெரிந்தது. வேறு பெயரில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்தது. அன்றைக்கு நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான், அந்தக் காலைக்கு ஒரு வாரம் முன்னால், அக்கா வீட்டுக்குப் போனேன். கம்பெனியின் வக்கீல் இடத்தைப் பார்வையிட வரப்போகிறார், அதோடு வேலை முடிந்த மாதிரி என்றேன். மாமாவுக்கு என்ன தோன்றியதோ, "வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக்குப் பின்னால் குழாய் நின்றது. அதன் தலையில் பச்சை வண்ணம் அடித்த ஒரு வால்வு, அழகான சக்கரத்தோடு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, தண்ணீர் அண்டாவுக்கு அடியில் இருந்த அடுப்புக்குப் போயிற்று. மாமா சக்கரத்தைத் திருப்பி, தீக்குச்சி கிழித்தார். நீலமாக எரிந்தது.

"நாத்தம் உள்ள வருது, பிள்ளைங்க இருமுதுன்னு உங்க அக்கா புலம்பினா. சரின்னு நம்ம பழைய ஸ்டோர்ல கிடந்த வால்வைப் போட்டேன். அப்புறம் பார்த்தா, காத்து சும்மாதானே போகுது? பிள்ளைங்க துணி அலச வெந்நீர் ஆச்சு. எப்படி?"

அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. கம்பெனி கைவிட்டுப் போன பிறகு அந்தக் கிணற்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய ஒரே ஆள், கடைசியாகக் கையாண்டவர், சட்டம் தேடிக்கொண்டிருந்த அந்த மனுஷர், கையில் தீக்குச்சியோடு என் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றார். அடைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தால் வீட்டை விற்றாலும் காணாது. அவராலும் முடியாது, கம்பெனியும் மாட்டேன் என்றால், கிணறு அரசாங்கம் அடைக்க வேண்டிய ஆளில்லாத கிணறுகளின் வரிசையில் போய் நிற்கும். அந்த வரிசை நகர்ந்து இந்தத் தெருவுக்கு வருவதற்குள் முன்னறையில் இருக்கும் குழந்தைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும், அதுவரை அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால்.

அடுப்பையும் ரப்பர் குழாயையும் அன்றே கழற்றச் சொன்னேன். வால்வைக் கழற்ற முடியாது, கழற்றினால் வாய் திறந்துகொள்ளும். மாமாவுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "அப்ப, நாத்தம் வந்தா வரட்டும்னு விட்டிருக்கணுமா?" என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து, வக்கீல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நான் ஒரு கிழட்டு நரியை எதிர்பார்த்திருந்தேன். வந்தது என் தம்பி வயதுள்ள ஒருவர். தூக்கம் போதாத கண், பளபளக்கும் காலணி, சட்டைப் பையில் போன். வீட்டுக்குள் நுழைந்ததும் முன்னறைக் குழந்தைகளைப் பார்த்து, "தூங்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது, அதனாலேயே பயம் இன்னும் கூடியது. மாமாவைக் குழந்தைகளோடு உட்காரவைத்து, என்ன நடந்தாலும் எழுந்து வரக்கூடாது என்று சொல்லியிருந்தோம். அவர் மடியில், "சுண்டெலி" என்று எல்லோரும் கூப்பிடும் பொடிசு ஒன்று தூங்காமல் முழித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் குழந்தைகளுக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

கொல்லைக்குப் போனதும் வக்கீலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்களுக்குச் சொல்லித்தந்ததை அவர்களுக்கும் யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அந்தக் குழாயைச் சுற்றி, கண்காட்சியில் பொருள் பார்ப்பவர்கள் மாதிரி நடந்தோம். குழாய் என்று சொன்னேனே தவிர, குழாய் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா தன் புத்திக்கு எட்டியபடி, வீட்டில் இருந்த போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் நனைத்து அதன்மேல் காயப்போட்டு வைத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், மறைத்தால்தான் சந்தேகம் வரும் என்று சொல்லியிருப்பேன்.

"மேடம், துணியைக் கொஞ்சம் எடுத்தா நல்லா இருக்கும்" என்றார் வக்கீல்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், ஓரமாகத் தொங்கிய ஒரு விரிப்பைத் தவிர. பச்சைச் சக்கரம் வெளியே வந்தது. வெயிலில் அது புதுப்பெண் மாதிரி நின்றது. மாமா அதற்கு எண்ணெய் வேறு போட்டு வைத்திருந்தார்.

வக்கீல் குனிந்து பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டு, திரும்பப் பையில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"இது எங்க கம்பெனி போட்டது இல்லையே, மேடம். எங்க காலத்துல இந்த மாதிரி வால்வே கிடையாது. இதை யார் போட்டாங்க?"

"தெரியலை. விசாரிக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு கிணற்றைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. பொய் சொல்பவர்களைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு.

"நாங்க வீடு வாங்கும்போதே இருந்துச்சு சார்" என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே.

"அப்பவே இருந்ததா? பெயின்ட் புதுசா இருக்கே."

"அது… பிள்ளைங்க இருக்கற வீடு இல்லையா, பார்க்க நல்லா இருக்கட்டும்னு."

வக்கீல் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார். "மேடம், நான் மறைச்சுப் பேசலை. எங்களுக்கு அப்புறம் யாராவது இதுல கை வச்சிருந்தா, நான் அதைச் சொல்லித்தான் ஆகணும். அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. கை வைக்கலைன்னா நாங்கதான் அடைக்கணும், அதையும் சொல்லிடுவேன்."

நியாயமான பேச்சு. இந்த வேலையில் எனக்கு இதைவிட நியாயமாகப் பேசிய எதிராளி கிடைத்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இந்த மனுஷர் எதையும் கண்டுபிடிக்காமல் நின்றால் போதும், இந்தத் தெருவே பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதே நேரம், இவரை ஏமாற்றுகிறோமே என்று அவர் முகத்தை விட்டுக் காலணியைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கடைசி விரிப்பை இழுத்தாள். அதன் ஓரம் சக்கரத்தின் கம்பியில் மாட்டியிருந்தது. பதற்றத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை. விரிப்பு வரவில்லை என்றதும் பலம்கொண்ட மட்டும் ஒரு இழுப்பு இழுத்தாள். எண்ணெய் போட்ட சக்கரம் வழவழவென்று சுற்றியது.

முதலில் ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. பிறகு "உஸ்ஸ்" என்று சீறத் தொடங்கியது. நாற்றம் மூக்கில் அறைந்தது. ஒரு கணம் மூன்று பேரும் அப்படியே நின்றோம். வக்கீலின் கை பின்னால், என் கை பின்னால், அக்காவின் கையில் ஈர விரிப்பு. என்னை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுவது அந்த ஒரு கணத்துக்காகத்தான். சீறிக்கொண்டிருந்த அந்த வாயைப் பார்த்துக்கொண்டு, இப்போது இதை மூடுகிறவர் யாரோ அவர்தான் கடைசியாகக் கையாண்டவர் என்று என் மூளை நிதானமாகக் கணக்குப் போட்டது.

"அடுப்பு!" என்று அக்கா கத்தினாள். "பால் வச்சிருக்கேன்டி! அடுப்பு எரியுது!" விரிப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் எதுவோ உருண்டு விழுந்தது. "எல்லாரும் தெருவுக்கு, தெருவுக்கு ஓடுங்க" என்று அவள் குழந்தைகளை விரட்டுவதும், தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தைகள் ஒன்றுகூடி அழுவதும் கேட்டது.

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பாதத்தைத் தேய்த்து நடக்கிற சத்தம். எங்கேயோ ஒன்று ஒழுகுகிறது என்று காதில் விழுந்தால், தீ பிடித்தாலும் அந்த மனுஷர் வராமல் இருக்க மாட்டார். வந்தால் வக்கீல் முன்னால் நேரே சக்கரத்துக்குத்தான் போவார். அவர் வருவதற்குள் நான் மூடிவிட வேண்டும். என் கையா, அரசாங்கத்தின் கையா, எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், மாமாவின் கையாக இருக்கக் கூடாது. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தேன். சக்கரத்தைப் பிடித்து, உலகத்தில் எந்தக் குழாயையும் மூடுவது மாதிரி வலது பக்கமாகச் சுற்றினேன்.

சீற்றம் கூடியது. இன்னும் சுற்றினேன். முகத்தில் காற்று அடித்தது, கண் எரிந்து நீர் கொட்டியது. எண்ணெய் போட்ட சக்கரம் எனக்கு அடங்கிய பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டது, ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அந்தப் பக்கம் இல்லம்மா." மாமா கதவருகில் நின்றார். பிறகு, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "இடது பக்கம்! அது தண்ணி வால்வு, இடது பக்கம் சுத்தினாத்தான் மூடும்! எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாமே அப்படித்தான்!"

நான் சுற்றுவதை நிறுத்தினேன். அவர் வந்துவிட்டார். அவருடைய கை என் கையின் மேல் விழுந்தது. காய்த்துப்போன, சூடான கை. எங்கள் இரண்டு கையும் சேர்ந்து இடது பக்கம் சுற்றின. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சீற்றம் மெலிந்து, மூச்சாகி, நின்றது.

அவர் இன்னும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். திருப்தியானதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வேலை முடிந்தால் எப்போதும் செய்வதுபோல, சக்கரத்தைச் சுற்றிலும் துடைக்கத் தொடங்கினார். அப்போதுதான் காலையில் நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலைப் பந்தால் உடைத்துவிட்ட பையனின் பார்வை.

நான் திரும்பி வக்கீலைப் பார்த்தேன். அவர் ஓடிப்போகவில்லை. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றார். மாமாவின் பின்னாலேயே தத்தித் தத்தி வந்த சுண்டெலியை, அது குழாய்ப் பக்கம் போவதற்குள் வாரி எடுத்திருக்கிறார். இரண்டு கையாலும் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, அதன் மூக்கைத் தன் தோளில் பதித்து வைத்திருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. அவர் பார்வை மாமாவின் கையிலும், அந்தக் கையில் இருந்த துண்டிலும், பச்சைச் சக்கரத்திலும் மாறி மாறிப் போனது. போன் அவர் சட்டைப் பையில், குழந்தையின் முட்டிக்கு அடியில் அழுந்திக் கிடந்தது.

"தண்ணி வால்வா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, மாமாவிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். தலைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள், ஒன்று குறைந்திருக்கிறது. சுண்டெலியைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. எங்கள் முகத்தை எல்லாம் அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மனுஷரைக் குழந்தை சுமக்க வைத்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு, "குடுங்க சார், குடுங்க, உங்க சட்டை எல்லாம் அழுக்காகுது" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

வாங்காதே அக்கா என்று நான் மனசுக்குள் கத்தினேன். கொஞ்ச நேரம் அவர் கையிலேயே இருக்கட்டும், அதுவரை அந்தக் கை போனை எடுக்காது. வக்கீல் குழந்தையை மெல்ல முன்னால் நீட்டினார். சுண்டெலி அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.